மனிதப் பரிணாமம் முடிந்துவிட்டதா?

(விலங்கியல், இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு)

‘மனிதனின் பரிணாமத்தை விவரி’ என்பது நம் வினாத்தாள்களில் அடிக்கடி தலைகாட்டும் வினா. ஆஸ்திரலோபித்திகசில் தொடங்கி, நிமிர்ந்து நடந்த மனிதன், நியண்டர்தால் மனிதன் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வருவோம். குரோமாக்னன் மனிதனை வந்தடைந்ததும் அடிக்கோடிட்டு விடையை முடித்துவிடுவோம். நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் அவன் வந்தான், கதை முடிந்தது! அப்படியானால் அவனுக்குப் பின் வந்த நாம் யார்? இத்தனை ஆயிரம் ஆண்டுகளாக நம் உடலில் இயற்கையின் கை படவே இல்லையா? இந்த வினாவை வினாத்தாளும் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை.

வகுப்பறைக்கு வெளியே மட்டும் இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சுகள் உலவுகின்றன. ஒன்று, “மருத்துவமனையும் மின்சாரமும் வந்தபிறகு இயற்கையால் மனிதனை என்ன செய்ய முடியும்? பரிணாமம் நின்றுவிட்டது” என்பது. மற்றொன்று, “அந்தக் காலத்தில் பத்துப் பிள்ளை பிறந்தால் வலுவான ஐந்து தங்கும். இப்போது நோஞ்சான்களையும் ஊசி போட்டுக் காப்பாற்றிவிடுகிறோம். அதனால்தான் மனித இனமே நலிந்துபோகிறது” என்பது. இந்த இரண்டாவது பேச்சைப் படித்தவர்களே, அறிவியலின் பெயரால் பேசக் கேட்கிறோம்.

என் கருத்தில் இரண்டுமே தவறு. முதலாவது அறியாமை, இரண்டாவது ஆபத்து. மனிதப் பரிணாமம் நிற்கவில்லை, இன்றும் நடக்கிறது. ஆனால் அது நம்மை முன்னேற்றும் ஆசானும் அன்று, நாம் பின்பற்றத்தக்க அறமும் அன்று. அது எவ்வாறு நடக்கிறது, அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை அறிந்துகொண்டால், குழந்தைகளைக் காப்பாற்றும் மருத்துவத்தைக் குறைகூற நமக்கு நா எழாது. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எது பரிணாமம்?

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் தாத்தாவைவிட நாம் உயரமாயிருக்கிறோம், இது பரிணாமமா? அன்று. 1896இல் பிறந்த தென்கொரியப் பெண்களைவிட 1996இல் பிறந்த தென்கொரியப் பெண்கள் சராசரியாக 20 செ.மீ. உயரம் கூடியவர்கள். நூறே ஆண்டுகளில் அந்நாட்டு மக்களின் மரபணுக்கள் மாறிவிடவில்லை. மாறியது உணவும் நோயற்ற குழந்தைப் பருவமும்தான். அதேபோல் இன்று வகுப்பில் பாதிப் பேர் கண்ணாடி அணிந்திருந்தால் அதுவும் பரிணாமம் அன்று. வெயிலில் ஆடாமல் புத்தகத்தின் முன்னும் திரையின் முன்னும் கழியும் இளமைக்கு அதில் பெரும் பங்குண்டு.

பரிணாமம் என்பது தனிமனிதனிடம் நிகழ்வதன்று; ஒரு மக்கள் கூட்டத்தில் தலைமுறைதோறும் மரபணுக்களின் விகிதம் மாறுவதே பரிணாமம். இதற்கு மூன்று செய்திகள் போதும். மனிதர்களுக்குள் வேறுபாடு இருக்கவேண்டும். அவ்வேறுபாடு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரவேண்டும். அவ்வேறுபாட்டால் ஒருவர் விட்டுச்செல்லும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடவோ குறையவோ வேண்டும். டார்வின் 1859இல் கூறிய இயற்கைத் தேர்வின் சாரம் இவ்வளவே. இதில் ‘உயர்வு’ என்ற சொல்லும் இல்லை. ‘முழுமை’ என்ற சொல்லும் இல்லை. நாம் படத்தில் காணும் வரிசை, குனிந்த குரங்கிலிருந்து நிமிர்ந்த மனிதன்வரை படிப்படியாக ஏறுவது, கண்ணுக்கு அழகானது, கருத்துக்குத் தவறானது. பரிணாமம் ஏணி அன்று. நாலாபுறமும் கிளைத்து, பல கிளைகள் பட்டுப்போன ஒரு மரம்.

பாலும் மலையும்

வரலாறு தொடங்கிய பின்னும் மனித உடல் மாறியிருக்கிறது என்பதற்குச் சான்று நம் வீட்டு அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்க லாக்டேஸ் என்னும் நொதி வேண்டும். பாலூட்டிகளுள் பெரும்பாலானவற்றுக்குக் குட்டிப்பருவத்தில் இந்நொதி சுரக்கும். பால்குடி மறந்தபின் குறைந்துவிடும். இன்றும் உலக மக்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இந்நிலையில்தான் இருக்கின்றனர். ஒரு குவளைப் பால் குடித்தால் அவர்களுள் பலருக்கு வயிறு உப்பும், வயிற்றோட்டமும் ஆகும். பாலைத் தயிராக்கி உண்ணும்போது நுண்ணுயிர்கள் லாக்டோசின் ஒரு பகுதியைத் தின்றுவிடுவதால், பால் ஒவ்வாதவருக்கும் தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்கின்றன.

ஆனால் மாடு வளர்க்கத் தொடங்கிய சில மக்களிடையே, கடந்த பத்தாயிரம் ஆண்டுகளுக்குள், வளர்ந்த பின்னும் லாக்டேஸ் சுரக்கும்படியான மரபணு மாற்றம் பரவிவிட்டது. ஐரோப்பாவில் ஒரு மாற்றம். கிழக்கு ஆப்பிரிக்காவின் மேய்ச்சல் மக்களிடம் முற்றிலும் வேறு மாற்றங்கள். இந்தியாவில் பெரும்பாலும் காணப்படுவது ஐரோப்பாவில் உள்ள அதே மாற்றம்தான் என்று 2012இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அது வடமேற்கில் மிகுந்தும், தெற்கிலும் கிழக்கிலும் குறைந்தும் உள்ளது. ஆக, மாட்டைப் பழக்கியவன் மனிதன். அந்தப் பழக்கமே திரும்பி வந்து மனிதனின் மரபணுவை மாற்றியிருக்கிறது.

இது எவ்வளவு இனிமையான கதை என்று தோன்றும். ஆனால் 2022இல் வந்த மற்றோர் ஆய்வு, நல்ல காலத்தில் பால் செரிக்காமை வெறும் வயிற்றுத் தொல்லையாக இருந்திருக்கலாம். பஞ்சமும் தொற்றுநோயும் வாட்டிய காலங்களில், உடல் வற்றிக் கிடந்தவர்க்கு அதே வயிற்றோட்டம் உயிரையே குடித்திருக்கலாம் என்று கருதுகிறது. அப்படியானால் இன்று சிலர் தயக்கமின்றிப் பால் குடிக்கிறார்களே, அந்த வசதியின் பின்னால் பல பஞ்சங்களின் பிணக்குவியல் இருக்கிறது. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்வோம்.

அடுத்த சான்று இமயத்தின் உச்சியில் இருக்கிறது. சமவெளியில் வாழ்பவர் 4,000 மீட்டர் உயரத்தில் குடியேறினால், ஆக்சிஜன் பற்றாக்குறையை ஈடுகட்ட அவர் உடல் சிவப்பணுக்களை மிகுதியாக உற்பத்தி செய்யும். இரத்தம் குழம்புபோல் கெட்டியாகும்; இதயம் திணறும்; கருவுற்ற பெண்ணுக்கும் கருவுக்கும் இடர் நேரும். திபெத்தியருக்கு அவ்வாறு ஆவதில்லை. ஈபாஸ்-1 என்னும் மரபணுவின் ஒரு வடிவம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரிடம் இருப்பதே காரணம் என்று 2010இல் கண்டறிந்தனர். அவ்வடிவம், மறைந்துபோன டெனிசோவன் என்னும் தொல்மனித இனத்தவரோடு கலந்ததால் வந்தது என்று 2014இல் தெரிந்தது.

கதை அங்கே முடியவில்லை. நேபாளத்தின் உயர்மலையில், 3,500 மீட்டருக்கு மேல் வாழும் திபெத்திய வழிப் பெண்கள் நானூறு பேருக்கு மேற்பட்டோரை ஆராய்ந்த முடிவுகள் 2024இல் வெளிவந்தன. ஹீமோகுளோபின் அளவு மிகாமலும் குறையாமலும், அதே சமயம் அது சுமக்கும் ஆக்சிஜன் மிகுந்தும் இருந்த தாய்மாருக்கே உயிரோடு பிறந்த குழந்தைகள் அதிகம். அத்தாய்மார் இன்று வாழ்பவர்கள், பழங்கற்காலத்தவர் அல்லர். இயற்கைத் தேர்வு அங்கே நம் கண்முன்னாலேயே நடந்துகொண்டிருக்கிறது.

நீலகிரியில் ஓர் ஏடு

பரிணாமத்தின் முகத்தை நேருக்கு நேராகக் காண நாம் இமயம்வரை போகவேண்டியதில்லை. நம் நீலகிரியிலேயே காணலாம். 1952இல் லேமன், கட்புஷ் என்னும் இருவர், நீலகிரிப் பழங்குடி மக்களின் இரத்தத்தில் கதிர் அரிவாள் அணுக்கள் இருப்பதை அறிவித்தனர். இந்தியாவில் அந்நோயைப் பற்றி வந்த முதற்செய்திகளுள் அது ஒன்று. இருளர், குறும்பர், பணியர் முதலிய மக்களிடையே இம்மரபணு இன்றும் உள்ளது. மத்திய இந்தியப் பழங்குடியினரிடமும், ஆப்பிரிக்காவிலும் இது பரவலாக உண்டு.

குற்றம் மிகச் சிறியது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் வந்து அமர்ந்துவிடுகிறது. வெர்னான் இங்கிராம் இதை 1957இல் கண்டார். இந்த ஒற்றை மாற்றத்தால் சிவப்பணு வட்ட வடிவை இழந்து அரிவாள்போல் வளைந்து, நுண்குழாய்களை அடைத்துக்கொள்கிறது. தாங்கொணா மூட்டுவலி, இரத்தசோகை, அடிக்கடி தொற்று, பலருக்கு இளமையிலேயே மரணம்.

இத்தகைய கொடிய மரபணு ஏன் அழிந்தொழியவில்லை? இந்த வகைப் புதிருக்கு வழிகாட்டியவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1957இல் இந்தியாவில் குடியேறி, 1964இல் புவனேசுவரத்தில் காலமான அதே ஹால்டேன்தான். தலசீமியா என்னும் மற்றோர் இரத்த நோயின் மரபணுவை ஒன்று மட்டும் பெற்றவர்கள் மலேரியாவை எதிர்த்து நிற்கலாம் என்று அவர் 1949இல் எழுதினார். அரிவாள் மரபணுவை ஒன்று மட்டும் பெற்றவருக்கு மலேரியாவிலிருந்து காப்பு உண்டு என்பதை 1954இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆண்டனி அல்லிசன் காட்டினார். அத்தகையவரின் சிவப்பணுவில் மலேரியா ஒட்டுண்ணி செழித்துப் பெருக முடிவதில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு மக்களிடையே இம்மரபணு பத்து விழுக்காடு என்று கொள்வோம். நாம் படித்த ஹார்டி–வெயின்பெர்க் விதிப்படி, நூற்றுக்கு 18 பேர் ஒரே ஒரு மரபணுவைப் பெறுவர். அவர்கள் மலேரியாவுக்குத் தப்புவர். நூற்றுக்கு ஒருவர் இரண்டையும் பெறுவர். அவர் நோய்க்கு இரையாவர். பதினெட்டுப் பேருக்குக் கிடைக்கும் காப்புக்காக ஒரு குழந்தை பலி. இயற்கைக்கு இது இலாபக் கணக்கு! அந்த ஒரு குழந்தையின் தாய்க்கு இது என்ன கணக்கு? ‘வலுத்தவன் வாழ்வான்’ என்று வாய்க்கு வந்தபடி சொல்கிறோமே, இங்கே வலுத்தவன் யார், நலிந்தவன் யார்? ஒரே மரபணு அண்ணனைக் காக்கிறது, தம்பியைக் கொல்கிறது. கொசு மிகுந்த காட்டில் அது வரம். கொசுவை ஒழித்த ஊரில் அதுவே வெறும் சாபம். இயற்கைத் தேர்வு அறிவுள்ள தேர்வாளன் அன்று. அன்றைய சூழலுக்கு ஏற்ப ஒட்டுப்போடுவது மட்டுமே அது அறிந்த தொழில்.

இன்று நின்றுவிட்டதா?

“பழைய காலத்தில் நடந்தது சரி, இன்று?” என்ற வினா எழும். இலண்டனைச் சேர்ந்த மரபியல் அறிஞர் ஸ்டீவ் ஜோன்ஸ், மனிதப் பரிணாமம் முடிந்துவிட்டது என்றே 2008இல் ஒரு சொற்பொழிவில் வாதிட்டார். குழந்தைகள் ஏறத்தாழ எல்லாருமே பிழைத்து வளரும்போது, இயற்கை எதைக்கொண்டு தேர்ந்தெடுக்கும் என்பது அவருடைய வாதங்களுள் ஒன்று. நம் நாட்டுப் புள்ளிகளும் அதற்கு இடந்தருவன போலவே தோன்றுகின்றன. 1971இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் ஓராண்டு நிறைவதற்குள் மாண்டனர். 2020இல் அது 28 ஆகக் குறைந்தது, தமிழ்நாட்டில் 13.

ஆனால் இந்த வாதம் பாதி உண்மைதான். இயற்கைத் தேர்வுக்கு வாய்ப்பளிப்பவை இரண்டு என்று ஜேம்ஸ் குரோ என்னும் அமெரிக்க அறிஞர் 1958இலேயே பிரித்துக் காட்டினார். ஒன்று இறப்பில் உள்ள வேறுபாடு. மற்றொன்று பிறப்பில் உள்ள வேறுபாடு. முதல் வாயில் ஒடுங்கினாலும் இரண்டாவது வாயில் திறந்தே இருக்கிறது. எல்லாரும் அறுபது வயதுவரை வாழ்ந்தாலும், ஒருவருக்கு நான்கு பிள்ளைகளும் மற்றொருவருக்குப் பிள்ளையே இல்லாமலும் இருக்கிறதல்லவா? அவ்வேறுபாட்டில் பெரும்பகுதி படிப்பாலும் வருமானத்தாலும் விருப்பத்தாலும் வருவது. அது மரபணுவை மாற்றாது. மரபு வழி வரும் சிறுபகுதி இருந்தால் அது மாற்றும்.

இருப்பதற்குச் சான்றுகள் உண்டு. கனடாவின் கியூபெக் மாநிலத்தில், புனித லாரன்சு ஆற்றின் நடுவே இல்-ஓ-கூட்ர் என்றொரு தீவு. அங்குள்ள தேவாலயப் பதிவேடுகளைக் கொண்டு, 1799 முதல் 1940 வரை திருமணம் செய்துகொண்ட பெண்களின் வரலாற்றை ஆராய்ந்தனர். முதற்குழந்தை பெறும் சராசரி வயது 26இலிருந்து 22ஆகக் குறைந்திருந்தது. அதில் ஒரு பங்கு மரபு வழி நிகழ்ந்த மாற்றமே என்று 2011இல் அறிவித்தனர். அமெரிக்காவில் பிராமிங்காம் என்னும் ஊரில் 1948 முதல் மக்களின் இதயநலனைத் தலைமுறை தலைமுறையாகக் கண்காணித்து வருகின்றனர். அங்குள்ள இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களை ஆராய்ந்து 2010இல் ஒரு கணிப்பு வெளியிட்டனர். இதே போக்கு நீடித்தால், பத்துத் தலைமுறைக்குப் பின் அவ்வூர்ப் பெண்கள் சராசரியாக 2 செ.மீ. குள்ளமாகவும், ஒரு கிலோ எடை மிகுந்தும் இருப்பர். முதற்குழந்தை சில மாதம் முன்னதாகப் பிறக்கும். மாதவிலக்கு நிற்பது சில மாதம் தள்ளிப்போகும். பறக்கும் மனிதனும் பெருந்தலை மனிதனும் கதைப் புத்தகங்களில்தான். உண்மையான பரிணாமம் இரண்டு சென்டிமீட்டரில் நடக்கிறது.

தேர்வு செய்ய வேண்டிய மூலப்பொருளுக்கும் பஞ்சமில்லை. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும், தாயிடமும் தந்தையிடமும் இல்லாத சில பத்துச் சடுதி மாற்றங்களோடு பிறக்கிறது. ஐஸ்லாந்து மக்களிடம் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, இருபது வயதுத் தந்தை ஏறத்தாழ 25 புதிய மாற்றங்களையும், நாற்பது வயதுத் தந்தை 65 மாற்றங்களையும் பிள்ளைக்குத் தருகிறார். திருமணத்தை நாம் தள்ளிப்போடுவதுகூட அடுத்த தலைமுறையின் மரபணுக்களில் எழுதப்படுகிறது! ஆகவே பரிணாமம் நின்றுவிட்டது என்பது பொருந்தாது.

நோஞ்சான்களைக் காப்பது குற்றமா?

இனி இரண்டாவது பேச்சுக்கு வருவோம். மருத்துவம் நலிந்தவரைக் காப்பதால் இனம் நலிகிறது என்பது புதிய பேச்சன்று. டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்டன் 1883இல் இதற்கு ‘யூஜெனிக்ஸ்’ என்று பெயரே சூட்டினார். தமிழில் ‘இன மேம்பாட்டியல்’ என்று அழகாகச் சொல்லலாம். அதன் செயல்கள் அழகானவை அல்ல. ‘தகுதியற்றவர்’ என்று முத்திரை குத்தி மனிதர்களைக் கட்டாயமாக மலடாக்கும் சட்டத்தை அமெரிக்க உச்சநீதிமன்றம் 1927இல் ஏற்றுக்கொண்டது. அந்நாட்டில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு மலடாக்கப்பட்டனர். 1933இல் இட்லரின் ஜெர்மனி அதே வழியில் சட்டம் இயற்றி, ஏறத்தாழ நான்கு இலட்சம் பேரை மலடாக்கியது. பின்னர் மலடாக்குவதோடு நிற்காமல் கொல்லவும் தொடங்கியது. டீக்கடை வாதமாகத் தொடங்கும் பேச்சு எங்கே போய் முடியும் என்பதற்கு வரலாறு தந்த பாடம் இது.

அறத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, வெறும் அறிவியலாகப் பார்த்தாலும் இவ்வாதம் நிற்காது. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு வரும் ஓர் ஒடுங்கு நோயை எடுத்துக்கொள்வோம். அந்நோயாளிகளுள் ஒருவர்கூடப் பிள்ளை பெறக்கூடாது என்று தடுத்துவிட்டதாகவே கொள்வோம். மரபணுவின் விகிதம் பாதியாகக் குறைய எத்தனை காலம் ஆகும்? கணக்கிட்டால் நூறு தலைமுறை, அதாவது ஏறத்தாழ 2,500 ஆண்டுகள். புத்தர் காலத்தில் அக்கொடுமையைத் தொடங்கியிருந்தால் இன்றுதான் பாதியாகியிருக்கும்! ஏனெனில் அம்மரபணுவின் பெரும்பகுதி நோயாளிகளிடம் இல்லை. ஒன்றை மட்டும் சுமந்துகொண்டு நலமாக நடமாடும் ஐம்பதில் ஒருவரிடம் இருக்கிறது. நோஞ்சான் என்று யாரைச் சுட்டுகிறோமோ, அவர் சுமப்பதை நாமும் சுமந்துகொண்டிருக்கலாம்.

எதிர்வாதத்தில் உள்ள நியாயத்தையும் மறைக்கலாகாது. சிசேரியன் அறுவை வந்தபின், குறுகிய இடுப்புள்ள தாயும் பெரிய தலையுள்ள குழந்தையும் பிழைக்கின்றனர். அதனால் தலை இடுப்புக்குள் அடங்காத பேறுகள் ஆயிரத்துக்கு 30 என்பதிலிருந்து 33 முதல் 36 வரை உயர்ந்திருக்கலாம் என்று வியன்னாவில் உள்ள ஆய்வாளர்கள் 2016இல் ஒரு கணித மாதிரியால் மதிப்பிட்டனர். அப்படியே இருக்கட்டும். அதற்காக முன்போல் தாயும் சேயும் மாண்டுபோக விட்டுவிடலாமா? ஆடையும் நெருப்பும் வந்தபின், நாம் உரோமத்தைத் திரும்பக் கேட்கவில்லை. சமைத்து உண்ணப் பழகியபின் தாடை சிறுத்தது. அறிவுப்பல் முளைக்க இடமின்றித் திணறுகிறது, சிலருக்கு முளைப்பதே இல்லை. அதற்காக அடுப்பை அணைத்துவிட்டுப் பச்சை இறைச்சியைக் கடிக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. நெருப்பு நம் சூழலின் ஒரு பகுதியாகிவிட்டது போலவே மருத்துவமும் நம் சூழலின் ஒரு பகுதியாகிவிட்டது. அதைச் சார்ந்து வாழ்வது நலிவன்று. மனிதன் வாழும் முறையே அது.

நம் கையில் வந்த கருவி

மனிதப் பரிணாமத்தின் கதையில் இப்போது ஒரு புதுமை நேர்ந்திருக்கிறது. மரபணுவைத் திருத்தி எழுதும் கிரிஸ்பர் என்னும் கருவி நம் கைக்கு வந்துவிட்டது. 2018 நவம்பரில் சீனாவைச் சேர்ந்த ஹே ஜியான்குய், கருவிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்கச் செய்ததாக அறிவித்தார். அத்தகைய மாற்றம் வழிவழியாக இறங்கக்கூடியது. உலகமே கண்டித்தது, 2019 இறுதியில் அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அதற்கு மாறாக 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஏற்றுக்கொண்ட காஸ்ஜெவி என்னும் சிகிச்சை, அரிவாள் சோகை நோயாளியின் எலும்பு மஜ்ஜை அணுக்களை மட்டும் எடுத்துத் திருத்தி, அவருக்கே திரும்பச் செலுத்துகிறது. அவருடைய வலி போகிறது. ஆனால் அவர் பிள்ளைக்குத் தரும் மரபணு மாறுவதில்லை. இந்த எல்லைக்கோடு முக்கியமானது. துன்பத்தைத் துடைப்பது வேறு. இன்னும் பிறவாதவர்களுக்காக ‘தகுதியுள்ள மனிதனை’ வடிவமைப்பது வேறு. பின்னது கால்டனின் பழைய கனவு புதிய சட்டை அணிந்து வருவதாகிவிடும்.

காஸ்ஜெவிக்கு அமெரிக்காவில் வைத்த விலை 22 இலட்சம் டாலர். நம் பணத்தில் பதினெட்டுக் கோடி ரூபாய்க்கு மேல். பந்தலூரிலோ கூடலூரிலோ தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஒரு பணியர் குடும்பம் இந்த எண்ணை எழுதிப்படிப்பதுகூடக் கடினம். மலேரியாவோடு போராடிய ஆயிரமாயிரம் ஆண்டுகளின் விலையை இன்னும் தம் எலும்பு மூட்டுகளில் செலுத்திக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். அந்த விலையைக் குறைக்கும் மருந்தோ எட்டாக் கனி.

ஆயினும் எட்டும் கனிகளும் உண்டு. குழந்தை பிறந்தவுடன் ஒரு சொட்டு இரத்தத்தில் சோதனை. தொற்றைத் தடுக்கும் தடுப்பூசி. போலிக் அமில மாத்திரை. வலிப் பிணியைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா. வேண்டிய நேரத்தில் இரத்தம். மருத்துவமனைக்குப் போகச் சாலையும் பேருந்தும். 2047க்குள் இந்நோயை ஒழிப்பது என்ற குறிக்கோளோடு 2023 சூலையில் மத்திய அரசு ஓர் இயக்கத்தைத் தொடங்கி, ஏழு கோடிப் பேருக்கு இரத்தச் சோதனை செய்வது என்று திட்டமிட்டது. நல்லதே. ஆனால் சோதனை முடிவை எழுதித் தரும் அட்டை, மணமக்களுக்கு அறிவுரை கூறும் கருவியாக இருக்கவேண்டுமே தவிர, இன்னொரு சாதிச் சான்றிதழாகிவிடக் கூடாது. ‘இவன் இரத்தம் கெட்டது’ என்று ஊர் ஒதுக்கத் தொடங்கினால், நோயை ஒழிக்கப் புறப்பட்டு நோயாளியை ஒழித்தவர்களாவோம். மேலும் சோதனை முதற்படிதான். சோதித்து, பெயரெழுதி, மருந்து தராமல் விட்டுவிட்டால், அதனால் புள்ளிவிவரம் பெருகுமே தவிர வலி குறையாது.

முடிவாக

மாணவ நண்பர்களே! மனிதன் இன்னும் மாறிக்கொண்டுதான் இருக்கிறான். பாலும் மலையும் கொசுவும் அவனை மாற்றின; இன்று மருத்துவமனையும், பள்ளிக்கூடமும், தள்ளிப்போகும் திருமணமும் மாற்றுகின்றன. இந்த மாற்றத்துக்கு இலக்கு எதுவும் இல்லை, இரக்கமும் இல்லை. இலக்கும் இரக்கமும் நம்மிடம்தான் இருக்கின்றன. பரிணாமம் நம்மை எப்படி ஆக்கியது என்பதை அறிவியல் சொல்லும். நாம் ஒருவரையொருவர் எப்படி நடத்த வேண்டும் என்பதை அதனிடம் கேட்கக் கூடாது. ஆயிரத்துக்கு 129 என்பதை 28 ஆக்கியது இயற்கையன்று. தடுப்பூசியும், குடிநீரும், கிராமச் செவிலியரின் நடையும், பெண்கல்வியும்தாம். அந்த 28ஐயும் குறைப்பதால் மனித இனம் நலிந்துவிடாது.

எனவே, அடுத்த முறை யாரேனும் நம்மிடம் “வலுத்தது மட்டும் பிழைப்பதுதானே இயற்கை?” என்று கேட்டால், நீலகிரியின் அந்த ஒற்றை அமினோ அமிலத்தின் கதையைச் சொல்வோம். நம் கல்லூரியில் குருதிக்கொடை முகாம் நடக்கும் நாளில், அந்த இரத்தம் அரிவாள் அணுக்களோடு போராடும் ஒரு சிறுமிக்கும் போய்ச் சேரலாம் என்று எண்ணிக் கை நீட்டுவோம். நம் ஆசிரியப் பெருமக்களிடமும் ஒரு வேண்டுகோள்: மனிதனின் பரிணாமத்தை விவரி என்ற வினாவில், குரோமாக்னனோடு நிறுத்திவிடும் மாணவனுக்கு இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்தே போடுங்கள்!